பேட்மேன் பிரபுவுக்குப் பட்டா போட்ட கதை

வாங்க மருமவனே! பேட்மேன் பிரபு யாருன்னு தெரியாம ராத்திரி தூக்கமே இல்லையாம்ல உங்களுக்கு? முகமூடி மாட்டிக்கிட்டு மாடிக்கு மாடி தாவுற பய இல்ல. இவரு இங்கிலாந்து நாட்டுப்பாட்டுல வாற சீமான். ஊர் சுத்தப் போயி துருக்கியில மாட்டிக்கிட்டாரு. ஜெயிலர் மக சாவியத் திருடித் தொறந்துவிட்டா. ஏழு வருசம் ஒருத்தருக்கொருத்தர் காத்திருக்கணும்னு பேச்சு. கெடு முடிஞ்சதும் அவ கடல் தாண்டி வந்து கதவத் தட்டுதா. உள்ள ஐயாவுக்குக் கல்யாண விருந்து!

இவரு நெசத்துல கில்பர்ட் பெக்கெட்தான்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு. 1170-ல கேன்டர்பரி தேவாலயத்துக்குள்ளயே வெட்டுப்பட்டுச் செத்தாரே தாமஸ் பெக்கெட், அவரப் பெத்தவரு. கில்பர்ட்டும் புனிதப் பயணம் போயி சிறைப்பட்டாராம். சரசேனியப் பொண்ணு ஒருத்தி காப்பாத்துனாளாம். ஊர் பேரையும் ஆள் பேரையும் மட்டும் வச்சுக்கிட்டு லண்டன் தெருவுல தேடி அலைஞ்சாளாம். பாட்டோட மத்த வடிவங்கள்ல பிரபு பேரு பெய்க்கன், பெக்கி. பத்துக்கு எட்டுப் பொருத்தம், தாலி கட்டிரலாம்!

ஜாதகந்தான் இடிக்குது. கில்பர்ட் நார்மண்டியில இருந்து பிழைக்க வந்த லண்டன் வியாபாரி. நகரத்துக்கு ஷெரீப்பாவும் இருந்தவரு. அவரு பொஞ்சாதியும் நார்மன் வழிதான். மகன் செத்து மூணே வருசத்துல, 1173-ல, புனிதராயிட்டாரு. புனிதரப் பெத்தவ வெறும் வியாபாரி பொண்டாட்டின்னா கேக்குறவனுக்கு ருசிக்குமா? தாமஸோட காலத்து ஆளுக எழுதின சரித்திரத்துல இல்லாத அந்தப் பொண்ணு, பின்னால வந்தவங்க ஏட்டுல ஏறிக் குந்திக்கிட்டா.

ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 305 பாட்டத் தொகுத்தவரு, இந்தப் பேட்மேன் பாட்டுக்கு 53-ம் நம்பர் போட்டாரு. ஸ்பெயின், இத்தாலி, வடக்க ஸ்காண்டிநேவியா வரைக்கும் இதே மாதிரி கதை கெடக்குன்னு காட்டினாரு. பெக்கெட் கதை வாடை பாட்டுல ஒட்டியிருக்கும், பாட்டப் பெத்தது அது இல்லன்னும் சொல்லிட்டாரு. படிச்ச மனுசன்!

கில்பர்ட் கதையில இல்லாத ஒருத்தி பாட்டுல உண்டு, கவனிச்சீகளா? அந்தக் கல்யாணப் பொண்ணு. குதிரையில வந்த பிள்ளைய, வண்டியில ஏத்தித் திருப்பி அனுப்புதேன்னு சீமான் பெருந்தன்மையாச் சொல்லுதாரு! அவளப் பெத்த ஆத்தா மட்டும் நியாயம் கேக்கா, காதுல வாங்க ஆள் இல்ல. பிரபுவுக்குப் பாட்டன் பூட்டன் தேடத்தான் ஊர்ப்பட்ட பேரு இருக்காகளே. நீங்க அந்தப் பிள்ள வீட்டத் தேடிப் போங்க மருமவனே. பந்திச் செலவு யார் தலையில விழுந்துச்சுன்னு விசாரிச்சுட்டு வாங்க, அத்தையக் காப்பி போட்டு வைக்கச் சொல்லுதேன்.