நூறு முட்டையும் ஆயிரம் கேள்வியும்

கேள்வி: விடியற்காலையில் மீன் எடுத்து, விற்று முடித்து வீடு வந்து உட்கார்ந்தால், என் இரண்டு பெண்களும் கேள்வியால் துளைக்கிறார்கள். நேற்று கேட்டது: "ஆமையம்மா ஏன் முட்டையை விட்டுட்டுப் போயிடுது? பாசமே இல்லியா?" என்ன சொல்லட்டும்?
(ஒரு வாசகி, ஊரூர் ஒல்காட் குப்பம்)

பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை உங்கள் கரையேறும் பங்குனி ஆமை, குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இடும். பிறகு மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பாலேயே தட்டித் தட்டி இறுக்கிவிட்டுத்தான் கடலுக்குத் திரும்பும். தூங்கும் பிள்ளைக்கு நீங்கள் போர்வையைச் செருகிவிடுகிறீர்களே, அதேதான். அதற்குப் பாசம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அப்புறம் சுமார் 45 நாள் மணல்தான் அம்மா. மணல் அதிகம் சூடேறினால் பொரிப்பவை பெரும்பாலும் பெண் குஞ்சுகள். இதைச் சொல்லுங்கள், உங்கள் வீட்டு மகாராணிகள் வெயிலைத் திட்டுவதையே நிறுத்திவிடுவார்கள்!

1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் இந்தக் கரையில் நடந்து, முட்டைகளைத் தேடிக் காப்பாற்றி வருகிறார்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். டார்ச் மட்டும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் குஞ்சு திசை மாறிவிடும். சின்னவளை எண்ணச் சொல்லுங்கள். அவள் நூறை எட்டும்வரை, தாயே, உங்கள் கால்களுக்குக் கொஞ்சம் ஓய்வு.