போனதும் வரும் குருவி

பறவை பார்ப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். பொறுமைசாலி என்று ஊர் நினைக்கும். உண்மையில் அது பயம். "நீங்க அந்தாண்ட போனீங்க, இந்தாண்ட வந்துச்சு சார்" என்று பூங்கா வாட்ச்மேன் சொல்லக் கேட்ட காயம் அவருக்கு ஆறவே இல்லை.

அக்டோபரில் சென்னைப் பூங்காக்களில் அவரைக் காணலாம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு ஆறுமணிக்குருவி தெற்கே வலசை வரும் பருவம் அது. விடியலிலும் அந்தியிலும் மணி அடித்தாற்போலக் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், சிவப்பு என்று உடம்பெல்லாம் வண்ணம். ஆனால் தரையில் சருகைப் புரட்டிப் புழு தேடும்போது மட்டும் எங்கேதான் போய் ஒளியுமோ!

நம்மவர் ஐந்தரைக்கே புதருக்கு எதிரில் ஆஜர். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். கொசு கடித்தால் அடிக்கமாட்டார், சத்தம் கேட்குமே! தும்மலை விழுங்குவார். எழுந்து போக நேருமென்று முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவார். வாக்கிங் வரும் பெரியவர், "என்ன சார் தேடறீங்க, சாவியா?" என்பார். இவர் உதட்டில் விரலை வைப்பார். பெரியவர் நல்ல மனுஷர். சத்தம் போடாமல் தானும் குனிந்து சாவி தேடுவார்.

வெயில் ஏறி, குருவி வராதென்று தெரிந்த பிறகுதான் வாய் திறப்பார். "ஜெர்டான் கோர்சர்னு ஒரு பறவை, 1900-க்கு அப்புறம் யார் கண்ணிலயும் படலை. அழிஞ்சே போச்சுன்னாங்க. 1986-ல கடப்பா பக்கம் கிடைக்கலையா? எண்பத்தாறு வருஷம் சார்! நான் உட்கார்ந்து நாலு மணி நேரம்தானே ஆச்சு?" அதை ராத்திரியில் டார்ச் அடித்துப் பிடித்துக் கொடுத்தவர் உள்ளூர்க்காரர் ஒருவர் என்ற பகுதியை மட்டும் சொல்லமாட்டார்.

கொடுமை என்னவென்றால், வலசை பறந்த களைப்பில் ஆறுமணிக்குருவி தேடாதவர் வீட்டுக்குள்தான் போய் விழும். வாட்ஸ்அப் குழுவில் படம் வரும்: "பாத்ரூம்ல இருக்கு. மீன்கொத்தியா?" இவர் உடனே பெயர் சொல்லி, காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் வைத்து, தெளிந்ததும் பறக்கவிடச் சொல்லுவார். அப்புறம் குருவி மேல் உள்ள அக்கறையில் கேட்பதுபோல ஒவ்வொன்றாய் விசாரிப்பார்: எந்த ஏரியா, எத்தனையாவது மாடி, பாத்ரூம் ஜன்னல் ராத்திரியில் திறந்திருக்குமா, வீட்டில் மாடி போர்ஷன் ஏதாவது வாடகைக்கு உண்டா?