வலிக்குக் கதவடைக்கும் குறுகுறுப்பு

கேள்வி: தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கன்னத்தில் மின்சாரம் கொடுப்பது ஏன்?

பதில்: கீழ்த்தாடை எலும்பை அறுத்து நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்திய பிறகு மெல்லும் தசை இறுகிவிடுகிறது. பலருக்கு வாயில் இரண்டு விரல்கூட நுழையாது. கன்னத்தில் ஒட்டும் பட்டைகள் வழியே ‘டென்ஸ்’ கருவி மெல்லிய மின்துடிப்பை அனுப்புகிறது. நொடிக்கு 80 முதல் 120 துடிப்பு என்றால் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்தால் வலி அடங்குகிறதே, அதே சூட்சுமம்தான்: தொடு உணர்வு முந்திக்கொண்டு வலிக்குக் கதவைச் சாத்துகிறது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ‘வாயிற்கதவுக் கோட்பாடு’ என விளக்கினார்கள். நொடிக்கு 2 முதல் 4 துடிப்பு என்றால் தசை இலேசாகத் துள்ளித் தளரும். வலி தணிந்த அந்த நேரத்தில் செய்யும் வாய் திறக்கும் பயிற்சியே உண்மையான மருந்து. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு இந்தக் கருவி ஆகாது; முன்கழுத்தில் யாருக்கும் பட்டை ஒட்டக்கூடாது.