சும்மா இருக்க ஆரணி

ஊர் சுற்றுவதையே மெதுவாகச் செய்வதுதான் இப்போது மோஸ்தராம். டஸ்கனித் திராட்சைத் தோட்டத்தில் ஒரு வாரம் சும்மா இருக்க லட்சங்களைக் கொட்டுகிறார்கள். சும்மா இருக்க ஆரணிக்கு வாருங்களேன்! வைன் கிடையாது; நெல் வயலும் அரிசி ஆலையும் உண்டு. கமண்டல நாகநதியும் உண்டு, தண்ணீர்தான் பல மாதம் விடுமுறையில் இருக்கும். பக்கத்தில் பூசிமலைக்குப்பம் காட்டில் ஆரணி ஜாகீர்தார் மாளிகை பாழடைந்து நிற்கிறது. சும்மா இருக்கும் மோஸ்தரை ஜாகீர்தார் குடும்பம் அப்போதே கண்டுபிடித்துவிட்டது போலும். மெதுவுக்கோ பஞ்சமே இல்லை. கைத்தறியில் ஒரு பட்டுப்புடவை நெய்து இறக்கப் பல நாள் ஆகும். பார்க்க அழகுதான். ஆனால் நெசவாளருக்குக் கூலி புடவைக் கணக்கில். செல்ஃபி எடுக்கிறேன் என்று தறியை நிறுத்திவிடாதீர்கள், சாமி.