போடிநாயக்கனூர் வட்டாரத்தில் டைவ் வாட்ச்: அளவும் வகையும் தேரும் முறை

டைவ் வாட்ச் என்பது கடலில் முங்குபவர் நேரம் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட கைக்கடிகாரம். அதைக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் முங்குவதில்லை. இரண்டாவது உண்மை முதலாவதைப் பொய்யாக்கவில்லை. விலையை மட்டும் ஏற்றியிருக்கிறது.

திணைப்படி பார்த்தால் இது நெய்தல் நிலத்துக் கருப்பொருள். போடிநாயக்கனூரோ மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். அதன் பிழைப்பு குறிஞ்சியில் விளையும் ஏலக்காய். ஆயினும் ஒரு திணையின் கருப்பொருள் இன்னொன்றில் வந்து கலப்பதைத் தொல்காப்பியம் தடுக்கவில்லை. மேலும், ஊர் வழியே போகும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொச்சியில் தொடங்கித் தொண்டியில் முடிகிறது. இரு முனையிலும் கடல் இருக்க, நடுவில் இருப்பவர் மணிக்கட்டில் கடல் கடிகாரம் இருப்பதை இலக்கண வழுவாகக் கொள்ள முடியாது. திணைமயக்கம் என்று அமைதி காணலாம்.

முதலில் ஆராய வேண்டியது ஆழம். பிளாங்பான் நிறுவனத்தின் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ 1953இல் வந்தது. பெயரில் உள்ள 50 பாகம் ஏறத்தாழ 91 மீட்டர். ரோலெக்ஸ் சப்மரைனரும் அதே 1953இல் பிறந்து 100 மீட்டரில் தொடங்கி, இன்று 300 மீட்டருக்கு உறுதி சொல்கிறது. இனி வட்டாரத்தின் நீர்நிலைகளைப் பார்ப்போம். முல்லைப்பெரியாறு அணையில் தேக்க அனுமதிக்கப்பட்ட உயரம் 142 அடி. வைகை அணை நிரம்பினால் 71 அடி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டையும் அடுக்கி, அடிவரை ஒருவர் முங்கினாலும் 213 அடி, அதாவது 65 மீட்டர்தான். 1953ஆம் ஆண்டுக் கடிகாரமே போதும், மிச்சமும் இருக்கும். கொட்டகுடி ஆற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே கோடையில் கணுக்கால் நனைந்தால் அதிகம்.

300 மீட்டர் உண்மையிலேயே தேவைப்படும் உள்ளூர் நேர்வு ஒன்றே ஒன்று உண்டு: ஆயிரம் அடி போர்வெல். குழாயை வெளியே எடுத்து வேலை நடக்கும்போது குனிந்து எட்டிப் பார்ப்பவரின் செயின் கொக்கி கழன்றால், ஆறரை அங்குலத் துளைக்குள் எந்த அளவுக் கடிகாரமும் தாராளமாகப் போகும். 300 மீட்டர் என்பது 984 அடி. கடைசிப் பதினாறு அடிக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. துளை முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அப்படி நின்றால் ஆயிரம் அடிக்குப் போர் போட்டிருக்கவே வேண்டியதில்லை.

எதிர்த்திசையையும் ஆராய்வது முறை. போடி ஊரே கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஜீப்பில் போகும் தோட்டக்காரர் மேலும் ஆயிரம் மீட்டர் ஏறுகிறார். இதனால் கடிகாரம் கெடுமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. கெடாது. அந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் குறையும் அளவு, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் தரும் அழுத்தத்தை ஒட்டியதுதான். மெட்டு ஏறுவது, கடிகாரத்தின் பார்வையில், தொட்டியிலிருந்து வெளியே வருவதற்குச் சமம்.

ஹீலியம் வால்வு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அழுத்த அறையில் நாள்கணக்கில் தங்கி, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து வேலை செய்யும் ஆழ்கடல் பணியாளர்களின் கடிகாரத்துக்குள் புகும் ஹீலியத்தை வெளியேற்ற 1960களில் வந்த ஏற்பாடு அது. போடியில் அதன் பயன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்கிச் சொல்வது.

அடுத்தது அளவு. இந்த நூற்பொருளில் சிக்கல் மிகுந்த பகுதி இதுவே. போடிக்காரர் தவறும் இடமும் இதுவே. தவறுவதற்குக் காரணம் அறியாமை அன்று, அளவு கடந்த அறிவு. மில்லிமீட்டரின் விலை இந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறு ஊருக்குத் தெரியாது. ஏலக்காய் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கப்படுகிறது. அக்மார்க் முறைப்படி ‘ஆலப்புழை பச்சை’யில் 7 மி.மீ. காய் முதல் தரம், 6 மி.மீ. அடுத்தது, 5 மி.மீ. அதற்கும் கீழே. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் கூடத்தில் மாதிரித் தட்டு கைக்கு வந்ததும் வியாபாரியின் கட்டைவிரல் காயை ஒருமுறை உருட்டும். எட்டா, ஏழா என்பதைக் கண்ணுக்கு முன்னால் விரல் சொல்லிவிடும். ‘8 மி.மீ. போல்டு’ என்றால் ஒரு விலை, அதற்கு உள்ளே என்றால் வேறு விலை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது அந்த ஒரு மில்லிமீட்டர் எத்தனை குடும்பங்களில் கல்யாணத் தேதியை முன்னே நகர்த்தியது என்பது தனி ஆய்வுக்குரியது.

இப்படிப் பழகிய விரல் கடிகாரக் கடைக்குள் நுழைந்தால் 41ஐ ஒதுக்கி 44ஐ எடுக்கும். 44ஐ வைத்துவிட்டு 45ஐக் கேட்கும். பெரிதே உயர்தரம் என்ற சல்லடை விதியை மணிக்கட்டுக்கு நீட்டும் வழு இது. முதல் சப்மரைனர் 37, 38 மி.மீ. அளவிலேயே இருந்தது. 40 ஆகி, 2020இல் 41 ஆனது. ஏறத்தாழ எழுபது ஆண்டில் வளர்ச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர். ஞள்ளானி ரகம் வந்ததும் ஏலக்காய் பருத்த வேகத்தோடு இதை ஒப்பிடவே கூடாது. டியூடர் நிறுவனமோ 2018இல் 39 மி.மீ., 2023இல் 37 மி.மீ. என்று சிறுத்துக்கொண்டே வந்து நன்றாக விற்கிறது. 50 மி.மீ. கடிகாரமும் இருக்கிறது: 2022இல் வெளிவந்த ரோலெக்ஸ் டீப்சீ சேலஞ்ச். அது 11,000 மீட்டர் ஆழத்துக்கு, அதாவது மரியானா அகழிக்குப் போகிறவருக்கானது. தேனிக்குப் போகிறவருக்கு அது வேண்டியதில்லை.

உண்மையில் பார்க்க வேண்டிய அளவு கடிகாரக் கூட்டின் குறுக்களவே அன்று. வார் மாட்டுவதற்காக மேலும் கீழும் நீண்டிருக்கும் கொம்புகளில், மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை உள்ள நீளமே அது. மணிக்கட்டின் மேற்புறத் தட்டைப் பகுதிக்கு உள்ளே அந்த நீளம் அடங்க வேண்டும். செய்கோவில் ‘ஆமை’ என்று பெயரெடுத்த கடிகாரம் 44 மி.மீ.க்கும் மேல்; பழைய சப்மரைனர் 40. கொம்புக்குக் கொம்பு அளந்தால் இரண்டுமே 48 மி.மீ.யை ஒட்டித்தான் வரும். கையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன. 45 மி.மீ. குறுக்களவும் நீண்ட கொம்பும் சேர்ந்த கடிகாரம் மெலிந்த கையில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, அடியில் சந்து விட்டு நிற்கும். கல்யாண வீட்டில் இதைக் கண்டுபிடிக்கும் உரிமை மச்சினன்மாருக்கு உண்டு: “மாமா, நீங்க வாட்ச்சைக் கட்டியிருக்கீங்களா, வாட்ச் உங்களக் கட்டியிருக்கா?”

அளக்கும் முறை எளிது. கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டு எலும்புக்குச் சற்றுப் பின்னால் ஸ்கேலைக் குறுக்கே வைத்துத் தட்டைப் பகுதியை மட்டும் படிக்க வேண்டும். 50 முதல் 55 மி.மீ. உள்ளவருக்கு 39 முதல் 41 வரையான கடிகாரங்கள் பெரும்பாலும் பொருந்தும். மாலையில் அளப்பது நல்லது. பகல் வெயிலுக்குக் கை சற்று உப்பியிருக்கும். தடிமன் பற்றி வெளிநாட்டு நூல்கள் பக்கம் பக்கமாகக் கவலைப்படுவது முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்குள் கடிகாரம் நுழைய வேண்டுமே என்பதால். அரைக்கை வெள்ளைச் சட்டை போடும் ஊருக்கு அந்த அத்தியாயம் பொருந்தாது.

எடையிலும் ஏலக்காய் அறிவு குறுக்கே வரும். ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி நிறுத்து, 435 கிராம் நின்றால் முதல் தரம் என்பது சந்தை வழக்கம். அதே கையால் டைட்டானியம் கடிகாரத்தைத் தூக்கிப் பார்ப்பவர் ‘சொத்தைக் காய்’ என்று கீழே வைத்துவிடுவார். டைட்டானியம் எஃகைவிட நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் இலேசு, உறுதியில் குறைவில்லை. நாள் முழுக்கத் தோட்டத்தில் சுற்றுபவருக்கு அதுவே உகந்தது. ஏலக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் எஃகு வாங்கிக்கொள்ளலாம்.

வகைகளில் கறுப்பு டயலும் எஃகுச் செயினும் எங்கும் செல்லும். எஃகும் தங்கமும் கலந்தது வெள்ளை வேட்டிக்கும் மோதிரத்துக்கும் இசைவாக இருப்பதால், பட்டணத்து ரசனைக்காரர்கள் முகம் சுளித்தாலும் இவ்வட்டாரத்தில் அதற்கு எதிர்ப்பு கிடையாது. கவனிக்கத்தக்கது பச்சை. சப்மரைனரின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2003இல் பச்சை வளையம் வந்தது. 2010இல் டயலும் பச்சையானது. காயின் நிறத்தைக் காப்பதற்காகச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் இரவு பகலாக உலர்த்தும் ஊருக்கு இதன் ஈர்ப்பை விளக்கத் தேவையில்லை. ஒரே முரண்: வெளுத்த காய்க்கு விலை விழும், பழைய அலுமினிய வளையம் வெயிலில் வெளுத்தால் சேகரிப்பவர்கள் விலையைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். இதைப் போடி வியாபாரி ஒருவருக்குப் புரியவைப்பது கடினம். இப்போது வரும் பீங்கான் வளையம் வெளுப்பதில்லை என்பதால் அந்தத் தர்க்கம் இனி எழாது.

சுழலும் வளையத்தின் பயனையும் குறிப்பிட வேண்டும். அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், கழிந்த நிமிடம் வளையத்திலேயே தெரியும். வளையம் இடப்புறம் மட்டுமே திரும்பும். தெரியாமல் இடித்து நகர்ந்தாலும், கழிந்த நேரம் கூடுதலாகத்தான் தெரியும்; குறைவாகத் தெரியாது. முங்கியவர் காற்று தீருமுன் மேலே வந்துவிடுவார். ஜீப்புக்காகக் காத்திருப்பவருக்கு இதே ஏற்பாடு கோபத்தைச் சற்று மிகைப்படுத்திக் காட்டும்.

பராமரிப்பு. ஐஎஸ்ஓ 6425 என்ற தரநிலை இந்த வகைக்குக் குறைந்தது 100 மீட்டர் தாங்கும் வலுவைக் கேட்கிறது. இருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து நேரம் தெரிய வேண்டும் என்கிறது. உப்புக் கரைசலில் ஊறவைத்தும் சோதிக்கிறது. வெந்நீரும் சோப்பும் அத்தனை நல்லவை அல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் அவற்றால்தான் தளர்கின்றன. எனவே முங்குவதற்குச் செய்த கடிகாரத்தைக் குளிக்கும்போது கழற்றி வைக்க வேண்டும். சாவியைத் திருகி மூடியிருக்கிறதா என்று மழைக்கு முன் பார்ப்பதும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீர்புகாச் சோதனை செய்வதும் போதும். கடையில் செயினைக் குறைக்கும்போது கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு அவற்றில் ஒன்றாவது தேவைப்படும்.