மூன்றாவது இறகு

தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் ராமாயணம் ஓடிய 1987, 88ஆம் வருஷங்களில் சிறுபிள்ளையாக இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொடர் முடிந்த கையோடு எங்கள் வடசென்னைக் கொடுங்கையூர்த் தெருக்களில் துடைப்பக் குச்சியெல்லாம் அம்பாகும், உடைந்த குடைக்கம்பியெல்லாம் வில்லாகும். எங்கள் கூட்டாளிகளுக்கு அது போதாது. மூங்கிலைச் சீவி, வாலில் நிஜ இறகு ஒட்டி, அந்த இறகுக்குச் சாயமும் ஏற்றினோம்.

எங்கள் பகுதிக் குப்பைமேட்டுக்கு மேலே வட்டமிடும் பருந்துகள் இறகு உதிர்க்கும்தான், ஆனால் அந்தப் பழுப்பில் சாயம் எடுபடாது; ஆகவே கறிக்கடை வாசலில் வெள்ளைக்கோழிச் சிறகுக்காகத் தவம் கிடப்போம். காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போட்டுப் பழகிய பக்கத்து வீட்டுத் தாத்தாதான் வழி சொன்னார்: "பட்டும் இறகும் ஒரே ரகம்டா, புளிப்பு சேர்ந்தாத்தான் சாயம் புடிக்கும்." சோப்புப் போட்டு எண்ணெய்ப்பசை போக அலசி, பட்டுச் சாயப்பொடியும் வினிகரும் கலந்த வெந்நீரில் ஊறப்போட வேண்டும், தண்ணீர் கொதித்துவிடக் கூடாது, இறகு கெட்டுவிடும். வெளியே எடுக்கும்போது நனைந்த பஞ்சுத்திரி மாதிரி இருக்கும். காய்ந்தபின் அடியிலிருந்து நுனிவரை விரலால் மெல்ல நீவ நீவ, கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, கலைந்ததெல்லாம் பளபளவென்று ஒரே தகடாக விரியும். அம்பு விட்டதைவிட எனக்கு அந்த நீவலே பெரிய சுகம்.

ஓர் அம்புக்கு மூன்று இறகு, மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து. இடமும் வலமும் கலந்தால் வளைவு முரண்பட்டு அம்பு தள்ளாடும். மூன்றில் ஒன்று வேறு நிறம். அது வில்லை உரசாமல் வெளியே பார்க்கும்படி நாணில் பூட்ட வேண்டும். அந்த நிறம்தான் ஆளுக்கு ஆள் அடையாளம், என்னுடையது மஞ்சள்.

இன்று வில்வித்தை பழகும் என் மகளின் கார்பன் அம்பில் பிளாஸ்டிக் இறகு, நிறத்தோடே கூரியரில் வருகிறது. மழையில் நனைந்தால் எங்கள் இறகு படுத்துவிடும், இது அசையாது. ஒலிம்பிக்கின் 70 மீட்டரைக் கனவு காண்கிறவளுக்கு இதுதான் சரி, எனக்கு அதில் மனக்குறை இல்லை. அவளுடைய அம்பிலும் ஓர் இறகு வேறு நிறம். ஆனால் அவள் விரல்நுனியில் சாயக்கறை இல்லை.

உங்கள் வீட்டிலும் வில் பழகும் பிள்ளை இருந்தால், போட்டிக்குப் பிளாஸ்டிக்கே இருக்கட்டும். ஒரு விடுமுறை நாளில் மூன்று வெள்ளை இறகும் கொஞ்சம் சாயப்பொடியும் கொடுத்து, நீவுகிற வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.