இன்னும் ஐயாயிரம் போட்டால்

கிராபிக்ஸ் கார்டு வாங்குவது சுலபம். கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தால் முடிந்தது. இந்தக் கட்டுரை அப்படிப்பட்டவர்களுக்கு இல்லை. ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு. பதினோரு மாதம் ஒப்பிட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் பட்ஜெட். ஒரு தொகையை நோட்டில் எழுதி அடிக்கோடு போடுங்கள். கோடு முக்கியம். பின்னால் தாண்டுவதற்கு ஏதாவது வேண்டும் அல்லவா?

என் கோடு இன்டெல் ஆர்க் பி580-க்கு நேராக விழுந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் 249 டாலருக்கு வந்த கார்டு, 12 ஜிபி மெமரி. பேசாமல் வாங்கியிருக்கலாம். 299 டாலருக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 இருக்கிறதே என்றார் ஒரு நண்பர். வித்தியாசம் 50 டாலர். டாலர் ரேட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஏறி நம்மூர் வந்து சேரும்போது ஐயாயிரம். ஐயாயிரம்தானே! அங்கே போய் உட்கார்ந்த பிறகு பார்த்தால் அது 8 ஜிபி. இன்னும் 50 போட்டால், 349-க்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. அங்கேயாவது நின்றிருக்கலாம். இன்னும் 80 போட்டால் 429-க்கு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, அதுவும் 16 ஜிபி. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் 120 போட்டால் 5070. ஐம்பது, ஐம்பது, எண்பது, நூற்றிருபது என்று ஏற ஏறப் படியின் உயரமும் ஏறுகிறது. பழனியில்கூட இப்படிக் கட்டவில்லை.

உச்சிப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பாருங்கள். 549 டாலர், கோடு போட்ட தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கார்டில் இருப்பதோ 12 ஜிபி, கீழ்ப்படிக்காரரைவிட நான்கு குறைவு. பதறிப்போய் நேராக முதல் படிக்கு இறங்கிவிடுவீர்கள். மறுநாள் காலை திரும்ப ஏறுங்கள். இதற்குத்தான் ஒப்பிடுதல் என்று பெயர்.

அடுத்து, பெயர் படிக்கப் பழக வேண்டும். எண் பெரிதாக இருந்தால் கார்டு பெரிது என்று நினைப்பவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 16 ஜிபி கார்டும் உண்டு. 9060 எக்ஸ்டியும் அப்படியே. இது பழைய வழக்கம். 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-ல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வகை. மெமரியோடு போயிற்றா என்றால் இல்லை; 6 ஜிபி கார்டில் 1280 கோர், 3 ஜிபி கார்டில் 1152. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பெயரை வைத்து, தம்பிக்கு மட்டும் சோற்றைக் குறைத்துப் போட்டு வளர்த்த கதை. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் ஒரு 12 ஜிபி கார்டை அறிவித்தார்கள். ஊரே கூடித் திட்டியதில் ஒரு மாதத்துக்குள் வாபஸ் வாங்கி, அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்று கொண்டுவந்தார்கள். காது குத்துவதற்குள் பெயர் மாற்றப்பட்ட குழந்தை.

இடைநிலைக் கார்டுகளில் சண்டை முழுக்க இந்த எட்டுக்கும் பதினாறுக்கும் நடுவில்தான். இதை மட்டும் கிண்டலை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்.

கார்டின் மெமரி என்பது மொட்டைமாடித் தொட்டி. கேமில் தெரிகிற சுவர், மரம், முகம், சட்டைத் துணியின் நெசவு வரை அத்தனையும் அதில் நிரம்பியிருக்க வேண்டும். தொட்டியில் இருக்கும்வரை குழாயைத் திறந்தால் கொட்டும். 5060 டிஐயின் தொட்டியிலிருந்து நொடிக்கு 448 ஜிபி கொட்டுகிறது. தொட்டி வற்றினால்? கம்ப்யூட்டரின் சாதா ராமிலிருந்து மதர்போர்டு வழியாக லாரி வர வேண்டும். பிசிஐஇ என்பது அந்த லாரி வரும் தெரு. 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு தடம் விட்டிருக்கிறார்கள், 5060 டிஐக்கு எட்டே தடம். புத்தம்புது மதர்போர்டில் அந்த எட்டுத் தடத்தில் நொடிக்கு 32 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். என்னிடம் இருப்பது போன்ற பழைய 3.0 போர்டில் 8 ஜிபிகூட முழுசாக வராது. குழாயில் 448, லாரியில் 8. சென்னையில் ஒரு கோடையாவது கழித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்காக நிற்கும் அந்த நேரம்தான், திரையில் எதிரி சுடுவதற்குச் சற்று முன் படம் திக்கி நிற்பது. சராசரி ஃபிரேம் கணக்கில் இது தெரியாது, மற்ற நேரமெல்லாம் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. அதனால் பெஞ்ச்மார்க் வரைபடத்தில் சராசரியை விட்டுவிட்டு, '1 சதவீத லோ' என்று பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டைப் பட்டையைப் பாருங்கள். சில கேம்கள் திக்கவும் திக்காது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சித்தண்ணி மாதிரி ஒன்றைப் பூசிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். 1080பி திரையில் செட்டிங்கைக் கொஞ்சம் இறக்கி ஆடுகிறவருக்கு எட்டு இன்றைக்குத் தாங்கும். 1440பி திரை என்றாலோ ஐந்து வருஷம் வைத்துக்கொள்வதாக இருந்தாலோ பதினாறு. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுதான் என்று விட்டுவிட்டால் பதினோரு மாதத்தை எப்படி ஓட்டுவது?

எனவே பெஞ்ச்மார்க் வீடியோக்கள். இரவு பதினொன்றுக்கு மேல் பார்ப்பது உத்தமம். அந்த வீடியோக்களில் அநேகமாக ரைசன் 7 9800எக்ஸ்3டி என்ற பிராசஸரைப் போட்டுச் சோதிப்பார்கள். கார்டின் முழு பலம் தெரிய வேண்டும், பிராசஸர் குறுக்கே வந்துவிடக் கூடாது என்ற நியாயமான காரணம். உங்களிடம் இருப்பது பத்தாம் தலைமுறை ஐ3 என்பதை அப்போது நினைக்காதீர்கள். குறிப்பாக பி580 பார்க்கும்போது நினைக்கவே கூடாது. அது குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ளும் சமையல்காரர், ஆனால் அடுப்பு, பாத்திரம் எல்லாம் புதுசாக இருக்க வேண்டும் என்பார். ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் முகம் தொங்கிவிடும். பழைய பிராசஸரோடு சேர்ந்தால், அதே விலைக்காரர்களைவிடக் கூடுதலாகவே தளர்ந்துவிடுவார். 249 டாலர்தானே என்று அழைத்து வந்து சமையலறையையே மாற்றிக் கட்டிய குடும்பங்கள் உண்டு.

சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் கேம்கள் சைபர்பங்க் 2077, ஆலன் வேக் 2, பிளாக் மித் வுகாங் போன்றவை. இதில் ஒன்றைக்கூட நீங்கள் ஆடப்போவதில்லை என்பது ஒரு குறையே இல்லை. ஒரு கார்டு 118 ஃபிரேம், இன்னொன்று 127 ஃபிரேம் என்றால் அந்த ஒன்பதுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறீர்களா என்பதுதான் தகுதி. மேஜையில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், நொடிக்கு அறுபதுக்கு மேல் அது காட்டாது. அதையும் நினைக்காதீர்கள். ஆயுள் முழுக்க 24 ஃபிரேமில் சினிமா பார்த்துக் கண்கலங்கிய பரம்பரை நாம். கையில் மவுஸ் இருந்தால் கண் வேறு மாதிரி கணக்குப் போடும் என்பது உண்மைதான். மானிட்டரை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பதும் உண்மைதான். ஆனால் மானிட்டர் ஒப்பிடுவது தனிப் படிப்பு. அதற்கு இன்னொரு பதினோரு மாதம்.

ஃபிரேம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070-ல் 4090-ன் வேகம் கிடைக்கும் என்றார். 4090 வந்தபோது அதன் விலை 1,599 டாலர். கேட்டவர்கள் கை தட்டினார்கள். சூட்சுமம் வேறு. கார்டு உண்மையாக வரைவது ஒரு ஃபிரேம். அடுத்ததை வரைவதற்குள் நடுவில் மூன்று வரை ஏஐ தானாகவே இட்டு நிரப்பும். பந்தியில் ஆள் கூடக் கூட ரசத்தில் தண்ணீர் ஊற்றுவோமே, அது. எல்லோர் இலையிலும் ரசம் இருக்கும், புளி ஒரு ஆளுக்குப் போட்டதுதான். ஏற்கெனவே அறுபது வருகிற இடத்தில் இது நன்றாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருகிற இடத்தில் கண்ணுக்கு நூற்றிருபது, மவுஸ் பிடித்த விரலுக்கு அதே முப்பது. ஒப்பிடும்போது பட்டைக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். உயரமான பட்டைகள் பலவற்றுக்கு அடியில் தண்ணீர்தான்.

வீட்டில் அனுமதி வாங்குவது அடுத்த கட்டம். சம்பாதிக்கிற பிள்ளையானாலும் இதற்கு விலக்கில்லை. 'கேம்' என்ற சொல் வாயில் வரக் கூடாது.

"ஏஐ கத்துக்கறதுக்குப்பா. இப்ப எல்லாமே அதுதான்."

"அது வாட்ஸப்லயே வருதேடா. காசு ஒண்ணும் கேக்கலையே?"

இந்த இடத்தில் பலர் சரிந்துவிடுகிறார்கள். என்விடியா 2007-ல் வெளியிட்ட கூடா என்ற மென்பொருளைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். ஏஐ ஆராய்ச்சியில் பெரும்பகுதி அதன் மேல்தான் நிற்கிறது, பொய்யில்லை. பெயரைக் கேட்டதும் அப்பாவுக்குத் திருக்குறளில் 'கூடா நட்பு' அதிகாரம் ஞாபகம் வரும். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டால் அனுமதி கிடைத்த மாதிரிதான். ஏஎம்டி ரசிகர்களுக்கு இந்த வழி அடைப்பு. அவர்கள் வேறு பொய் தேடிக்கொள்ள வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் அவரே எழுப்புவார். 5060-க்கு 145 வாட், 5070-க்கு 250. தினம் நான்கு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் வித்தியாசம் 25 யூனிட். அது பெரிதில்லை. ஆனால் மே மாத ஏசியோடு சேர்ந்து 500 யூனிட் கோட்டைத் தாண்டவைத்தால் விகிதமே மாறிவிடும். பழி ஏசிக்கு வராது.

மற்ற ஒன்பது பொருத்தமும் பார்த்த பிறகு கடைசியில் ரஜ்ஜு பார்ப்பார்களே, அது இங்கே எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி. அது சரியில்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதில் இரண்டு சாஸ்திரங்களும் ஒன்றுபடுகின்றன. கேபினட் வாங்கும்போது கூடவே இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருக்கும். அது ஸ்டிக்கரின் அபிப்பிராயம். 5060-க்கே 550 வாட் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மேஜைக்கு அடியில் உள்ள 600 விஏ யூபிஎஸ் தருவது சுமார் 360 வாட். ஆட்டத்தின் உச்சத்தில் கரண்ட் போனால் அது ஒரே ஒரு முறை கீச்சென்று கத்தும். மற்றதெல்லாம் இருட்டில்.

விலை குறையட்டும் என்று காத்திருக்கலாமா? 2021-ல் கார்டுகளை எல்லாம் கிரிப்டோ தோண்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டிருந்தபோது பொறுத்தவர்கள் புத்திசாலிகள். 2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் தோண்டுவதை நிறுத்தியதும் பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. அந்தக் கதையைப் படித்துவிட்டு நானும் 2025-ல் பொறுத்தேன். வருஷக் கடைசியில் ஏஐ கம்பெனிகளின் பசியால் மெமரி சிப் விலை எகிறியது. பொறுத்தார் பூமி ஆள்வார், சரி. கார்டு ஆள்வார் என்று யாரும் சொல்லவில்லை.

அப்படியாக ஒரு திங்கட்கிழமை, சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். மழை தூறிக்கொண்டிருந்தது. பாக்கெட்டில் பதினோரு மாதக் குறிப்புகள், நான்காக மடித்து.

"அண்ணா, 5060 டிஐ, பதினாறு ஜிபி."

"சிக்ஸ்டீன் வியாழக்கிழமை வரும் சார். எய்ட் இருக்கு. எய்ட் போதும் சார்."

ஏன் போதும் என்று கேட்டேன். "அதான் சார் இருக்கு" என்றார். பதினோரு மாதத்தில் நான் கேட்ட விளக்கங்களிலேயே தெளிவானது அதுதான். தொட்டி, லாரி, எட்டுத் தடம் எல்லாம் மனசில் ஓடின. பதினோரு மாதம் பொறுத்தவனுக்கு வியாழக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. ஜிஎஸ்டி பில் மட்டும் மறக்காமல் வாங்கினேன், வாரண்டிக்கு அது வேண்டும். "எதுனாலும் போன் பண்ணுங்க சார்" என்று கார்டு ஒன்றும் கொடுத்தார். இது அட்டைக் கார்டு.

வீட்டுக்கு வந்து மாட்டி, ஸ்க்ரூ முடுக்கி, பட்டனை அமுக்கினால் திரை கறுப்பு. அரை மணி நேரம் வியர்த்த பிறகு தெரிந்தது, எச்டிஎம்ஐ கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டில் செருகியிருக்கிறேன். கார்டுக்கு மாற்றியதும் படம் வந்தது. ஆட ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்தால் கார்டின் இரண்டு ஃபேனும் அசையாமல் நிற்கின்றன. இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியது! கை நடுங்க அட்டையைத் தேடி எடுத்து போன் போட்டேன்.

"அண்ணா, ஃபேன் சுத்தலை."

"சூடானாத்தான் சார் சுத்தும். என்ன கேம் ஓட்டுறீங்க?"

சொன்னேன். 32 எம்பி மெமரி இருந்தாலே போதும் என்று அந்தக் காலத்திலேயே பெட்டியில் போட்டிருந்த கேம். வாங்கி வந்திருக்கும் கார்டில் அதைப் போல 256 மடங்கு.

"வைஸ் சிட்டியா?" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுக்கு ஏன் சார் சுத்தணும்?"